பட்டியலில் தவறும் பெயர்கள்: விரிதாளிலிருந்து செய்தி மென்பொருளுக்கு

வடக்கு கிழக்கிலே வாழும் எமது மக்களுக்குப் பட்டியல் என்பது வெறும் காகிதம் அன்று. இடப்பெயர்வின் போது நிவாரணப் பட்டியல், முகாமிலே பங்கீட்டுப் பட்டியல், மீள்குடியேற்றத்தின் பின் வீட்டுத்திட்டப் பட்டியல் என அவர்களது வாழ்வின் நெருக்கடியான வேளைகள் பலவும் ஏதோ ஒரு பட்டியலுடன் பிணைந்தே கழிந்திருக்கின்றன. "பட்டியலிலே பெயர் இல்லை" என்ற சொற்களைக் கேட்டு வெறுங்கையுடன் திரும்பியோர் எமது கிராமங்களில் ஏராளம்.

இன்று எமது பட்டியல்கள் கணினிக்குள் சென்றுவிட்டன. பங்குப் பணிமனைகளிலும் சமூகப்பணி நிலையங்களிலும் குடும்பங்களின் பெயர்களும் தொலைபேசி இலக்கங்களும் எக்செல் விரிதாள்களில் எழுதி வைக்கப்பட்டுள்ளன. அவற்றைச் செய்தி அனுப்பும் மென்பொருளுக்குள் ஏற்றினால், ஒரே தட்டில் நூற்றுக்கணக்கானோருக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ சென்றுவிடுகிறது. இந்த மென்பொருள்கள் உண்மையில் வணிகருக்கென ஆக்கப்பட்டவை. மலிவு விற்பனையை வாடிக்கையாளருக்கு அறிவிப்பதே அவற்றின் முதல் நோக்கம். நாம் அவற்றை விதைநெல் வழங்கும் நாளை அறிவிக்கவும், வெள்ள எச்சரிக்கை கொடுக்கவும், மகளிர் சங்கக் கூட்டத்துக்கு அழைக்கவும் பயன்படுத்துகிறோம். வணிகர் ஒருவருக்குப் பத்துப் பெயர்கள் தவறினால் பத்து விற்பனை குறையும். எமக்கோ பத்துப் பெயர்கள் தவறினால் பத்து வயல்கள் தரிசாகலாம்.

இதனை நாம் பட்டே அறிந்துகொண்டோம். ஒரு பெரும்போகத்துக்கு முன்னர் விதைநெல் வழங்கும் நாளை அறிவிக்கும் பொருட்டு, கமக்காரர் பட்டியலை மென்பொருளுக்குள் ஏற்றினோம். "ஏற்றம் நிறைவுற்றது" என்று திரை அறிவித்தது. நாமும் மனநிறைவுடன் கணினியை மூடினோம். விதைநெல் கொடுத்து முடிந்து இரண்டு நாட்களின் பின், கணவரை இழந்து தனியே வயல் செய்யும் தாய் ஒருவர் பணிமனை வாசலில் வந்து நின்றார்.

"சுவாமி, எல்லாருக்கும் போனிலை வந்ததாம். எனக்கு வரேல்லை. என்ரை பேரை வெட்டிப்போட்டியளோ?" என்று கேட்டார்.

"இல்லையம்மா, உங்கடை பேர் இருக்குது" என்று கூறி விரிதாளைத் திறந்து காட்டினோம். பெயர் இருந்தது, இலக்கமும் இருந்தது. ஆனால் அந்த ஒரே கலத்திலே அவருடைய இலக்கமும் மகளுடைய இலக்கமும் சாய்கோடு இட்டுச் சேர்த்து எழுதப்பட்டிருந்தன. மென்பொருள் அதனை இலக்கமென ஏற்கவில்லை. ஏற்காத நிரைகளைத் தனி அறிக்கையாகவும் அது எழுதி வைத்திருந்தது. அந்த அறிக்கையை நாம் திறந்து பார்க்கவேயில்லை. அவரை எவரும் வெட்டவில்லை. ஆயினும் அவர் வெட்டப்பட்டவராகவே இரண்டு நாட்களைக் கழித்திருந்தார்.

இத்தகைய தவறுகள் எவ்வாறு நேர்கின்றன, அவற்றை எவ்வாறு தவிர்க்கலாம் என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

நோயின் காரணம்

விரிதாள் என்பது கணக்கு எழுதுவதற்காகப் பிறந்த கருவி. தனியாள் கணினிக்கென 1979 ஆம் ஆண்டு வெளிவந்த விசிகல்க் என்னும் மென்பொருள் இவ்வகையின் முன்னோடி. எக்செல் 1985 இல் வெளிவந்தது. கணக்கு எழுதுபவருக்கு 0250 உம் 250 உம் ஒன்றே. ஆகவே ஒரு கலத்தில் எண்களைத் தட்டியதும் விரிதாள் அவற்றை ஒரு தொகையாகவே எடுத்துக்கொண்டு, முன்னாலுள்ள பூச்சியத்தைப் பயனற்றதெனக் களைந்துவிடுகிறது. தொலைபேசி இலக்கமோ தொகை அன்று. அது பெயரைப் போன்றது. எவரும் இரண்டு தொலைபேசி இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பதில்லை.

செய்தி மென்பொருள் வேறு வகையானது. அது கண்டிப்பான வாயிற்காவலனைப் போல, தான் கேட்ட வடிவில் உள்ளவற்றை மட்டுமே உள்ளே விடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே தூது செல்வது பெரும்பாலும் சீ.எஸ்.வி. எனப்படும் கோப்பு ஆகும். இது வெறும் எழுத்துகளால் ஆன கோப்பு. ஒரு வரிக்கு ஒருவர் என்றும், ஒவ்வொரு விபரத்துக்கும் இடையே ஒரு காற்புள்ளி என்றும் அமைந்திருக்கும். நிறம், எழுத்துரு, இணைத்த கலங்கள் எவையும் இதில் செல்வதில்லை. விரிதாளில் பல தாள்கள் இருந்தாலும் திறந்திருக்கும் ஒரு தாள் மட்டுமே செல்லும். இறந்தவர்களின் பெயர்களைச் சிவப்பு நிறத்தால் குறித்து வைக்கும் வழக்கம் சில பணிமனைகளில் உண்டு. அந்தச் சிவப்பு நிறம் தூது செல்லாது. இறந்தவரின் பெயருக்குக் கூட்ட அழைப்பு சென்று, அது அவருடைய வீட்டாரின் கையில் கிடைக்கும். எனவே குறிப்பு எதுவாயினும் நிறத்தால் அன்றி, தனி நிரலில் சொல்லால் எழுதப்பட வேண்டும்.

மறையும் பூச்சியம்

எமது நாட்டின் தொலைபேசி இலக்கம் பூச்சியத்தில் தொடங்கும் 10 எண்களைக் கொண்டது. 077, 071, 076 போன்றவற்றால் தொடங்கும் கைத்தொலைபேசி இலக்கம் விரிதாளில் பூச்சியத்தை இழந்து 9 எண்களாகச் சுருங்கிவிடும். பெரும்பாலான செய்தி மென்பொருள்கள் சர்வதேச வடிவத்தையே கேட்கின்றன. அஃதாவது 94 என்னும் நாட்டுக் குறியீடு, அதன்பின் பூச்சியம் நீங்கலாக 9 எண்கள். இங்கே இருவகைத் தவறுகள் நேர்கின்றன. ஒன்று, நாட்டுக் குறியீடு இன்றியே 9 எண்களை ஏற்றிவிடுதல். மற்றையது, பூச்சியத்தை நீக்காமல் 94 ஐ முன்னே ஒட்டி, 940 எனத் தொடங்கும் 12 எண்களாக்கிவிடுதல். கூட்டற் குறியுடன் தட்டினாலும் சாதாரணக் கலத்தில் விரிதாள் அக்குறியை விழுங்கிவிடும்.

மருந்து இதுதான். இலக்கம் எழுதவிருக்கும் நிரல் முழுவதையும், எழுதத் தொடங்கும் முன்னரே, "எழுத்து" வகையாக மாற்றிக்கொள்ள வேண்டும். எழுதிய பின் மாற்றினால் போன பூச்சியம் திரும்பி வராது. ஏற்கெனவே சுருங்கிப்போன பட்டியலைத் திருத்த, ரைட் என்னும் சார்பினால் வலப்பக்கத்து 9 எண்களை மட்டும் எடுத்து அவற்றின் முன் 94 ஐச் சேர்க்கலாம். முதலிலே வெற்றிடங்களையும் சிறுகோடுகளையும் நீக்குவது அவசியம். இதிலும் ஒரு பொறி உண்டு. சாதாரணக் கலத்தில் இடைவெளிகளைத் தேடி நீக்கியவுடன், அதுவரை எழுத்தாக இருந்தது தொகையாக மாறி, பூச்சியத்தை அப்போதே இழந்துவிடும். நாட்டுக் குறியீட்டைப் பின்னர் சேர்ப்பவருக்கு இதனால் தீங்கில்லை. பத்து எண்களையும் அப்படியே காக்க விரும்புபவருக்கு இது தீங்கு.

பின்னர் லென் என்னும் சார்பினால் ஒவ்வோர் இலக்கத்திலும் எத்தனை எண்கள் உள்ளன என எண்ணிப் பார்க்க வேண்டும். 94 உடன் சேர்த்து 11 வராதவை யாவும் ஐயத்துக்குரியவை. ஆனால் எண்ணிக்கை சரியாக இருப்பது மட்டும் போதாது. யாழ்ப்பாணத்தின் 021, மன்னாரின் 023, வவுனியாவின் 024, மட்டக்களப்பின் 065 ஆகியவற்றில் தொடங்கும் நிலையான தொலைபேசி இலக்கங்களும் இதே நீளம் கொண்டவை. அவை ஏற்றத்தில் தப்பிவிடும். குறுஞ்செய்தியோ வழக்கமாக அவற்றுக்குச் சென்று சேராது. இவர்களைத் தனியே குறித்து வைத்து, அழைத்துப் பேசுவதே சரி. புலம்பெயர்ந்த பங்கு மக்களின் வெளிநாட்டு இலக்கங்களுக்கும் மேற்கூறிய 9 எண் விதி பொருந்தாது. அவற்றை வேறு தாளில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முகவரியிலும் இவ்வாறே நேரும். 12/5 என்னும் வீட்டு இலக்கத்தை விரிதாள் ஒரு திகதியாக மாற்றிவிடும். இத்தொல்லை எமக்கு மட்டும் உரியதன்று. மார்ச், செப்ட் எனத் தொடங்கும் சில மரபணுப் பெயர்களை எக்செல் திகதிகளாக மாற்றியதனால், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு அப்பெயர்களையே மாற்றியமைத்து, 2020 இல் புதிய வழிகாட்டலை வெளியிட்டது. 2023 ஆம் ஆண்டிலிருந்து எக்செல்லின் புதிய பதிப்புகளில் இத்தகைய தானியங்கி மாற்றங்களில் சிலவற்றை நிறுத்தும் வசதி விருப்பத் தெரிவுகளிலே தரப்பட்டுள்ளது. பழைய பதிப்பைக் கொண்டு வேலை செய்வோர் கலத்தை எழுத்து வகையாக்கியே தப்ப வேண்டும்.

தமிழ் எழுத்தின் சிக்கல்

எமது பணிமனைகளில் தமிழ்ப் பெயர்கள் மூன்று விதமாகச் சிதைகின்றன.

முதலாவது, பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். இவற்றில் தட்டியது எமது கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கணினியின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு என்னும் போர்வையை எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் ஆங்கிலக் கிறுக்கல் வெளிப்படும். செய்தி மென்பொருளுக்கு இந்தப் போர்வை செல்லாது. எனவே பாமினியில் உள்ள பட்டியலை முதலில் யூனிகோட்டுக்கு மாற்ற வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் உள்ளன. ஆனால் மக்களின் முழு விபரங்களையும் அறியாத ஓர் இணையப் பக்கத்தில் கொட்டக்கூடாது. பெயர் நிரலை மட்டும் தனியே எடுத்து மாற்றிக்கொண்டால் போதும்.

இரண்டாவது, கேள்விக்குறிகள். யூனிகோட்டில் எழுதிய பட்டியலைச் சாதாரண சீ.எஸ்.வி. ஆகச் சேமித்தால் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும். இது பார்வைக் கோளாறு அன்று. எழுத்து அக்கோப்பிலிருந்து அழிந்தே போய்விட்டது. மூலக் கோப்பு இருந்தால் மட்டுமே மீட்கலாம். எக்செல் 2016 தொடக்கம் சேமிக்கும் வகைகளில் யூ.ரி.எவ்.-8 சீ.எஸ்.வி. என ஒன்று உண்டு. அதையே தெரிவு செய்ய வேண்டும். சில வேளைகளில் சரியாகச் சேமித்த கோப்பையே எக்செல்லில் நேரடியாகத் திறக்கும்போது ஐரோப்பியக் குறிகள் கலந்த கிறுக்கல் தோன்றும். இது திறக்கும் முறையின் கோளாறு மட்டுமே. அப்போது பதறிச் சேமித்துவிடக்கூடாது. மூடிவிட்டு, தரவுகளை உள்ளெடுக்கும் வழியாக யூ.ரி.எவ்.-8 எனக் குறித்துத் திறந்தால் தமிழ் சரியாகத் தெரியும்.

மூன்றாவது, கண்ணுக்குப் புலப்படாத வேறுபாடு. "கொ" என்னும் எழுத்தைக் கணினியில் இரு விதமாக எழுதலாம். ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு விதம். ஒற்றைக் கொம்பையும் அரவையும் இரு தனிக் குறிகளாகச் சேர்ப்பது மற்ற விதம். திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கோ இரண்டும் வேறு. கிராமத்தின் பெயரைக் கொண்டு ஒரு கிராமத்தாரை மட்டும் பிரித்தெடுக்கும்போது அவர்களில் பாதிப் பேர் வராமல் போனால், இதுவும் காரணமாக இருக்கலாம். பெயரின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடமும் இதே தொல்லையைத் தரும். கிராமப் பெயர்களை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி தட்டாமல், ஒரு தெரிவுப் பட்டியலிலிருந்து எடுக்கும்படி செய்தால் இச்சிக்கல் எழாது.

முதலெழுத்தும் பெயரும்

வணிக மென்பொருள்கள் "முதற்பெயர்", "குடும்பப்பெயர்" என இரு கட்டங்களைக் கேட்கின்றன. இது மேல்நாட்டு வழக்கம். எமது மக்களுக்குத் தந்தையின் பெயரின் முதலெழுத்தும் தமது பெயருமே உண்டு. "செ. மரியதாசன்" என்பதை இடைவெளி கண்ட இடத்தில் பிரித்து ஏற்றினால் "அன்புள்ள செ." என்று கடிதம் போகும். மணமான பெண்களோ சில பட்டியல்களில் தந்தையின் முதலெழுத்துடனும் வேறு சிலவற்றில் கணவரின் முதலெழுத்துடனும் இருப்பர். ஒருவரே இருவராகத் தோன்றுவார். ஆகவே முழுப்பெயரையும் ஒரே நிரலில் வைத்து, அதையே முதற்பெயர்க் கட்டத்துடன் பொருத்திவிட்டுக் குடும்பப்பெயரை வெறுமையாக விடுவது எமக்கு ஏற்ற முறை எனலாம். குடும்பப்பெயரைக் கட்டாயம் கேட்கும் மென்பொருளாயின் முதலெழுத்தை அதில் இடலாம்.

ஒரு தொலைபேசி, பல பேர்

மென்பொருள் ஒருவரை எதைக் கொண்டு அடையாளம் காண்கிறது என்பதை ஏற்றுவதற்கு முன்னரே அறிய வேண்டும். மெயில்சிம்ப் போன்றவை மின்னஞ்சல் முகவரியையும், குறுஞ்செய்தி மென்பொருள்கள் தொலைபேசி இலக்கத்தையும் அடையாளமாகக் கொள்கின்றன. எமது கிராமங்களில் ஒரு வீட்டில் ஒரு தொலைபேசியே இருப்பதும், அயலவரின் தொலைபேசியைத் தமது இலக்கமாகக் கொடுப்பதும் வழக்கம். ஒரே இலக்கத்துடன் மூன்று நிரைகள் இருந்தால், அவை மூன்றும் ஒருவரே என மென்பொருள் எண்ணும். பின்னால் வந்த பெயர் முன்னைய பெயரின் மேல் எழுதப்படும், அல்லது பின்னால் வந்தவை தவிர்க்கப்படும். மாமியாரின் பெயர் போய் மருமகளின் பெயர் மட்டும் நிற்கும்.

இதற்குத் தீர்வு, செய்திப் பட்டியலை ஆட்பட்டியலாக அன்றி இலக்கப் பட்டியலாக அமைப்பதாகும். ஓர் இலக்கத்துக்கு ஒரு நிரை என வைத்து, அந்த நிரையில் "இவ்விலக்கத்தில் செய்தி பெறுவோர்" என ஒரு நிரலைச் சேர்த்து, எல்லாப் பெயர்களையும் எழுதலாம். பயனாளிகளின் முழுப் பட்டியல் வேறாகவே இருக்கட்டும். யார் யார் எமது மக்கள் என்பதை அந்தப் பட்டியலே சொல்ல வேண்டும், மென்பொருள் அன்று.

ஏற்றும் முறை

எமது பணிமனையில் இப்பொழுது கைக்கொள்ளும் ஒழுங்கைக் கீழே தருகின்றோம்.

1. மூலக் கோப்பைத் தொடுவதில்லை. அதன் பிரதியில் மட்டுமே வேலை செய்கிறோம்.

2. முதல் நிரையில் நிரல்களின் தலைப்புகள் மட்டுமே இருக்க வேண்டும். மேலே சங்கத்தின் பெயர், கீழே மொத்தத் தொகை, நடுவே வெற்று நிரைகள், இணைத்த கலங்கள் ஆகிய யாவற்றையும் நீக்கிவிடுகிறோம். மறைத்து வைத்த நிரல்களையும் நிரைகளையும் வெளிப்படுத்திப் பார்க்கிறோம்.

3. ஒரு கலத்தில் ஒரு விபரமே இருக்க வேண்டும். இரு இலக்கங்கள் இருப்பின் இரு நிரல்களாகப் பிரிக்கிறோம். கலத்துக்குள் வரி மாற்றித் தட்டியிருந்தால் அதை நீக்குகிறோம். முகவரியில் காற்புள்ளி இருந்தால், அது மேற்கோட்குறிக்குள் அடங்கியுள்ளதா எனப் பார்க்கிறோம். அடங்காவிடின் ஒரு முகவரி மூன்று நிரல்களாகச் சிதறி, இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஊரின் பெயர் வந்து நிற்கும்.

4. யூ.ரி.எவ்.-8 சீ.எஸ்.வி. ஆகச் சேமித்த கோப்பை நோட்பாட்டில் திறந்து பார்க்கிறோம். எக்செல்லில் மீண்டும் திறந்து சேமித்தால் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும். பூச்சியங்கள் மீண்டும் மறைந்துவிடும்.

5. முழுப் பட்டியலையும் ஏற்றும் முன் ஐந்து நிரைகளை மட்டும் ஏற்றிப் பார்க்கிறோம். ஒன்று பணிமனை ஊழியருடைய இலக்கம். மற்றையவை வேண்டுமென்றே தெரிந்தெடுத்த சிக்கலானவை: நீண்ட பெயர், காற்புள்ளியுள்ள முகவரி, முதலெழுத்து இல்லாத பெயர், வெளிநாட்டு இலக்கம்.

6. கட்டங்களைப் பொருத்தும்போது தலைப்பை மட்டும் நம்பாது, அதன் கீழ் வரும் மாதிரி விபரத்தையும் வாசிக்கிறோம். திகதி இருப்பின் நாள் முன்னா மாதம் முன்னா எனக் கவனிக்கிறோம். 03/04 என்பது எமக்கு ஏப்ரல் 3, அமெரிக்க மென்பொருளுக்கு மார்ச் 4.

7. சரியாகத் தெரியும் இலக்கத்தையே மென்பொருள் மறுத்தால், அதைக் கையால் புதிதாகத் தட்டிப் பார்க்கிறோம். கைத்தொலைபேசியிலிருந்தோ இணையத்திலிருந்தோ பிரதி செய்த இலக்கங்களுடன் கண்ணுக்குத் தெரியாத குறிகள் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. இணையத்திலிருந்து வரும் ஒருவகை வெற்றிடத்தை ட்ரிம் என்னும் சார்பும் நீக்காது.

8. இறுதியாகக் கணக்குப் பார்க்கிறோம். இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது.

கணக்குப் பார்த்தல்

"நிறைவுற்றது" என்று திரை கூறுவது, மென்பொருள் தன் வேலையை முடித்துக்கொண்டது என்பதையே குறிக்கும். எல்லாரும் உள்ளே வந்துவிட்டனர் என்பது அதன் பொருளன்று. விரிதாளில் இருந்த நிரைகளின் தொகை, புதிதாகச் சேர்ந்தவை, புதுப்பிக்கப்பட்டவை, தவிர்க்கப்பட்டவை ஆகிய மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருத்தல் வேண்டும். சமப்படாவிடின் எங்கோ எவரோ காணாமற் போயுள்ளனர்.

இந்த எளிய கணக்கைப் பாராது விட்டதனால் வளர்ந்த நாடுகளும் துன்பப்பட்டுள்ளன. இங்கிலாந்தில் 2020 ஆம் ஆண்டு செப்டெம்பர் 25 தொடக்கம் ஒக்ரோபர் 2 வரையான நாட்களில் கொரோனாத் தொற்று உறுதியான 15,841 பேரின் விபரங்கள் உரிய வேளையில் நாளாந்த அறிக்கையில் சேரவில்லை. ஆய்வுகூடங்கள் அனுப்பிய கோப்புகள் பழைய எக்செல் வடிவத்துக்குள் ஏற்றப்பட்டதே காரணம். அவ்வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 நிரைகளே கொள்ளும். அதற்கு மேற்பட்டவை ஓசையின்றி வெட்டப்பட்டன. தொற்றியவர்களுடன் பழகியோரைத் தேடி எச்சரிக்கும் பணி அதனால் தாமதமாயிற்று. புதிய வடிவத்தில் ஒரு தாளுக்கு 1,048,576 நிரைகள் கொள்ளும். எமது பங்குகளுக்கு அந்த எல்லை ஒருபோதும் வராது. ஆயினும் பாடம் ஒன்றே: உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணிப் பார்க்காத இடத்தில் மனிதர் தவறிப்போவர்.

தவிர்க்கப்பட்டோரின் அறிக்கையை நாம் பலமுறை வாசித்துள்ளோம். அதில் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. நிலையான வருமானமும் சொந்தத் தொலைபேசியும் உடையவர்களின் பெயர்கள் அதில் குறைவு. தொலைபேசியைப் பகிர்ந்துகொள்பவர்கள், இலக்கத்தை அடிக்கடி மாற்ற நேர்ந்தவர்கள், பெயரைத் தமிழில் மட்டுமே எழுதிக் கொடுத்தவர்கள், பிறர் கையால் படிவம் நிரப்பிய முதியவர்கள் ஆகியோரே மீண்டும் மீண்டும் வருகிறார்கள். மென்பொருளுக்கு ஏழை, செல்வர் என்ற பேதம் தெரியாது. ஆனால் ஒழுங்கான வாழ்வுக்கென அமைந்த கட்டங்களுக்குள் ஒழுங்கு குலைந்த வாழ்வுகள் அடங்குவதில்லை. எவர் பொருட்டு நாம் இப்பட்டியலை ஆக்கினோமோ, அவர்களே முதலில் வெளியே விழுகிறார்கள்.

ஏற்றக்கூடாதவை

ஏற்ற முடிந்த யாவற்றையும் ஏற்ற வேண்டியதில்லை. அடையாள அட்டை இலக்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புதிய அட்டையின் 12 எண் கொண்ட இலக்கத்தைச் சாதாரணக் கலத்தில் தட்டினால் எக்செல் அதனைச் சுருக்கிப் புள்ளியிட்ட வடிவில் காட்டும். அப்படியே சீ.எஸ்.வி. ஆகச் சேமித்தால் பின்பகுதி எண்கள் அழிந்துவிடும். ஆனால் அதைத் திருத்தும் வழியைத் தேடும் முன்னர், குறுஞ்செய்தி அனுப்ப அடையாள அட்டை இலக்கம் எதற்கு என்று கேட்க வேண்டும். பெயர், இலக்கம், கிராமம் ஆகிய மூன்றும் போதுமானவை. பெற்ற உதவித் தொகை, நோய் விபரம், குடும்பத்தில் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய குறிப்பு ஆகியன வெளிநாட்டுக் கணினியொன்றில் இயங்கும் வணிக மென்பொருளுக்குள் ஒருபோதும் செல்லலாகாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், மத நம்பிக்கையை வெளிப்படுத்தும் விபரங்களைச் சிறப்புக் கவனத்துக்குரிய வகையில் சேர்த்துள்ளது. பங்குப் பட்டியல் ஒன்று தன்னளவிலேயே ஒருவரின் மதத்தைச் சொல்லிவிடுகிறது என்பதை நாம் மறக்கலாகாது.

செய்தி வேண்டாம் என ஒருவர் விலகிக்கொண்டால், அதையும் மதிக்க வேண்டும். பல மென்பொருள்கள் விலகியவரை மறு ஏற்றத்தின் போது மீண்டும் சேர்ப்பதில்லை. அது கோளாறு அன்று, சரியான நடத்தையே. அவரைக் குறுக்கு வழியில் உள்ளே கொண்டுவர முயல்வது தவறு.

தவறியவரைத் தேடுதல்

லூக்கா நற்செய்தியின் 15 ஆம் அதிகாரத்தில் நூறு ஆடுகளை உடைய இடையன் ஒருவரை ஆண்டவர் காட்டுகிறார். அந்த இடையன் தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போகிறான். இந்த உவமையை நாம் பலமுறை மறையுரைகளில் விளக்கியிருக்கிறோம். ஆனால் ஒன்று தவறியது என்பதை அவன் எவ்வாறு அறிந்தான் என நாம் எண்ணிப் பார்த்ததில்லை. அவன் மாலையிலே தன் ஆடுகளை எண்ணியிருக்க வேண்டும். எண்ணாதவனால் தேட முடியாது.

இப்பொழுது எமது பணிமனையில் ஒவ்வோர் ஏற்றத்தின் பின்னும் தவிர்க்கப்பட்டோரின் அறிக்கையை அச்சிட்டு, கிராமவாரியாகப் பிரித்து, அன்பியத் தலைவர்களிடமும் மகளிர் சங்கத்தாரிடமும் கொடுக்கிறோம். அவர்கள் அந்த வீடுகளுக்கு நேரே சென்று செய்தியைச் சொல்லி, சரியான இலக்கத்தையும் எழுதி வருகிறார்கள். மூலப் பட்டியலிலே "வேறு வழியில் அறிவிக்க வேண்டியவர்" என ஒரு நிரலையும் சேர்த்துள்ளோம். தொலைபேசியே இல்லாதவர்களின் பெயர்கள் அங்கே உள்ளன. திருப்பலியின் பின் அறிவித்தல், ஆலய வாசலில் பலகை, சைக்கிளில் ஓர் இளைஞர் ஆகிய பழைய வழிகள் அவர்களுக்காக இன்னும் இருக்கின்றன.

அந்தத் தாயின் இரு இலக்கங்களும் இன்று இரு நிரல்களில் உள்ளன. அந்தப் போகத்துக்கு எஞ்சியிருந்த விதைநெல்லில் ஒரு பகுதியை அவருக்குக் கொடுக்க முடிந்தது. அவ்வாண்டு எஞ்சியிருந்தது எமது நல்வினை. அடுத்த முறை எஞ்சுமென்று எவரும் உறுதி கூற முடியாது. எனவே பட்டியல் ஏற்றும் பொறுப்பிலுள்ள எமது இளம் ஊழியர்களிடம் ஒன்றை மட்டும் கேட்கிறோம். திரை "நிறைவுற்றது" என்று சொன்ன பின்னரும் எழுந்து போகாதீர்கள். தவறியவர்களின் அறிக்கையைத் திறந்து, அதிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக வாசியுங்கள்.